எப்போதும் எழுநூற்றாறு

அத்தை எழுதிய முதல் புரோகிராமை முதன்முதலாக மயங்கி விழ வைத்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மயக்கம் என்பது நானாக வைத்துக்கொண்ட பெயர். திரையில் இருக்கும் ஜன்னல் திடீரென்று வெளிறிப்போகும். எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசையாது. அம்புக்குறி மணற்கடிகாரமாக மாறி அப்படியே நிற்கும். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு, “ஹேங் ஆயிடுச்சுடி” என்பாள். அடுத்த நிமிஷமே, கொஞ்சமும் பொருத்தமில்லாமல், சந்தோஷப்படுவாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தஞ்சாவூரில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டு, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பதாக அவள் சொல்லிக்கொண்டாள். ஊர்க்காரர்கள் அதையே ‘சும்மா இருக்கிறது’ என்று சொன்னார்கள். சும்மா இருக்கிற பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்றும் கேட்டார்கள். அப்பா பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, நெல் மூட்டை அடுக்கும் அறையில் மேஜை போட்டு வைத்துவிட்டார். சம்பா அறுவடை முடிந்த நேரம். மூட்டைகளிலிருந்து தூசி கிளம்பும்போதெல்லாம் அம்மா ஓடி வந்து மானிட்டரின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடுவாள். அத்தை எடுப்பாள். அம்மா மறுபடி மூடுவாள். கடைசியில், அத்தை உட்கார்ந்திருக்கும்போது மட்டும் மூடுவதில்லை என்று இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை வந்தது மாதா கோயில் திருவிழாவால்தான். திருவிழா அன்று பூசை முடிந்ததும் பரிசுக் குலுக்கல் நடக்கும். சீட்டுகளைப் பெரிய பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். முந்தின வருஷம் குழந்தையின் கையில் இரண்டு சீட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. எது முதலில் கைபட்ட சீட்டு என்பதில் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று, அது ஈஸ்டர் வரைக்கும் நீடித்தது. அதனால் இந்த வருஷம் எங்கள் பங்குக் கோயில் சாமியார் டின்னைத் தொடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அத்தையை நிறுத்தி, “கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு நம்ம பங்குலயே இருக்கியே, நீ ஏதாச்சும்...” என்று ஆரம்பித்தார்.

“செஞ்சிடலாம் சாமி” என்றாள் அத்தை. அவர் எதைக் கேட்க வந்தார் என்று சொல்லி முடிப்பதற்குள்ளாகவே.

பரிசு ஒன்றே ஒன்றுதான். சிவப்பு நிற சைக்கிள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் கொடுத்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கோயில் ஆபீஸ் அறையில் நின்றது. ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பதற்காகவே நான் ஞான உபதேச வகுப்புக்கு முன்கூட்டியே போக ஆரம்பித்தேன். என் பக்தியைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாள்.

அத்தையின் புரோகிராம் பார்க்க எளிமையாகத்தான் இருந்தது. திரையில் ஒரு ஜன்னல். நடுவில் பெரிய கட்டம். அதற்குக் கீழே ‘குலுக்கு’ என்று எழுதிய பச்சை நிற பட்டன். அமுக்கினால், ஒன்றிலிருந்து ஆயிரத்துக்குள் ஏதாவது ஒரு எண் கட்டத்தில் வந்து நிற்க வேண்டும். முதல் நாளே அது வந்து நின்றுவிட்டது. அத்தை என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“உன்னால முடிஞ்ச மட்டும் இதைக் கெடு” என்றாள்.

“கெடுக்கணுமா?”

“ஆமா. திருவிழா அன்னிக்கு எத்தனை கை படும்னு தெரியாது. இப்பவே கெட்டுப் போகட்டும்.”

எங்கள் வீட்டில் ஒரு பொருளைக் கெடுத்ததற்காக என்னைப் பாராட்டிய ஒரே ஆள் அத்தைதான். பட்டனை விடாமல் படபடவென்று அமுக்கினேன். ஒரு குலுக்கல் முடிவதற்குள் அடுத்தது தொடங்கி, எண்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அத்தை “ஐயோ” என்றாள். எண் ஓடும்போது பட்டன் தானாகச் செத்துப்போகும்படி மாற்றி எழுதினாள். அடுத்து, முடிவு வருவதற்கு முன்னால் எண்கள் கிறுகிறுவென்று சுழல வேண்டும், அப்போதுதான் ஜனங்களுக்குப் பார்க்க நன்றாக இருக்கும் என்று அவளுக்கு ஆசை வந்தது. நான் அமுக்கிச் சுழல விட்டதும் ஜன்னல் மயங்கி விழுந்தது. அன்று முழுக்கக் கல்லூரிப் புத்தகங்களைப் புரட்டினாள். சாயங்காலம் துள்ளிக்கொண்டு வந்து, “அது பாவம்டி, மூச்சு விட விடாம வேலை வாங்கியிருக்கேன். ஒவ்வொரு சுத்துக்கு நடுவுலயும், திரும்பி ஜன்னலைக் கொஞ்சம் கவனின்னு ஒரு வார்த்தை சொல்லணும்” என்றாள். அந்த வார்த்தையைச் சேர்த்ததும் எண்கள் அழகாகச் சுழன்றன.

இப்படியே நான் கெடுப்பதும் அவள் சரி செய்வதுமாக நாட்கள் போயின. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மூட்டையின் மேல் போட்டுவிட்டு, புரோகிராமைத் திறந்து, பச்சைப் பட்டனை அமுக்குவேன். எண்கள் சுழன்று 706 என்று நிற்கும். பிறகுதான் விளையாட்டு தொடங்கும்.

மறுநாளும் 706. அதற்கு அடுத்த நாளும் 706. எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் தோன்றவில்லை. வகுப்புக்குள் டீச்சர் நுழைந்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்து ‘வணக்கம்’ சொல்வதைப் போல, கம்ப்யூட்டர் எழுந்ததும் 706 என்று சொல்கிறது. அதன் வழக்கம் அது. அத்தைக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அத்தையோ காலையில் திறந்தால் மூடாமலே நாள் முழுக்க அமுக்கிப் பார்ப்பவள். அவள் கண்ணில் பட்டதெல்லாம் விதவிதமான எண்கள்தான்.

கொடியேற்றம் முடிந்து பரிசுச் சீட்டு விற்பனைக்கு வந்தது. அப்பா முதல் நாளே தனக்கென்று ஒரு சீட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். சீட்டு விற்பவரிடம் 706 வேண்டும் என்று கேட்டேன். எல்லா எண்ணும் ஒன்றுதானே பாப்பா என்று சிரித்துக்கொண்டே கட்டைப் புரட்டி எடுத்துக் கொடுத்தார். அவருடைய அறியாமையை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அத்தை பட்டனின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சைக்கிளை எங்கே நிறுத்துவது என்ற கவலையை அவளிடம் சொன்னேன்.

“எந்த சைக்கிளு?”

“நம்ம சைக்கிளு. அதான் 706 டிக்கெட் நம்மகிட்டதான இருக்கு.”

“அதுக்கு?”

“அதான முதல்ல வரும்?”

அத்தை சிரித்தபடி தலையைத் திருப்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. புரோகிராமை மூடினாள். திறந்தாள். அமுக்கினாள். 706. மூடினாள். திறந்தாள். 706. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். கண்ணை மூடினால் மட்டும் அதற்கு வழக்கம் மறந்துவிடுமா என்ன.

“எத்தனை நாளாடி இப்படி?”

“எப்பவும் இப்படித்தான் அத்தை.”

புத்தகங்களில் அவளுக்கு விடை அகப்படவில்லை. மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பட்டுக்கோட்டைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு பிரௌசிங் சென்டர். பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள். உள்ளே ஒரே நாற்காலி. அத்தையின் மடியில் பாதியும் மேஜையில் பாதியுமாக உட்கார்ந்துகொண்டேன். அவள் ஆங்கிலத்தில் எதையோ தட்டினாள். பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கி வந்தது. அத்தை நகத்தைக் கடித்துக்கொண்டு படித்தாள். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான்.

“என்ன அத்தை?”

“யாரோ ஒருத்தன்டி. எந்த ஊர்க்காரனோ. என் புரோகிராம் எப்பத் தொறந்தாலும் ஒரே நம்பரைக் காட்டுது, எனக்குப் பைத்தியம் புடிச்சிடும் போலருக்குன்னு எழுதியிருக்கான். கீழ பாரு, எனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்னு எத்தனை பேரு!”

இத்தனை பேர் தப்புச் செய்திருப்பதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அத்தை பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தாள். தென்னந்தோப்புகள் தாண்டிக்கொண்டே போயின. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, எனக்கு விளக்க ஆரம்பித்தாள்.

“நம்ம ஊரு மினி பஸ்ஸு காலையில எங்கேர்ந்து கெளம்புது?”

“கோயில் வாசல்லேர்ந்து.”

“அடுத்து?”

“ரைஸ் மில்லு. அப்புறம் ஆஸ்பத்திரி.”

“தினமும் அதே வரிசைதான? கம்ப்யூட்டருக்கும் ஒரு ரூட்டு இருக்கு. எங்கேர்ந்து கெளம்பணும்னு நாம சொல்லலைன்னா, ஒவ்வொரு தடவையும் முதல் ஸ்டாப்புலேர்ந்துதான் கெளம்பும். அதோட முதல் ஸ்டாப்பு 706. கடிகாரத்தைப் பாரு, இந்த நொடிக்கு எந்த ஸ்டாப்போ அங்கேர்ந்து கெளம்புன்னு ஒரு வரி எழுதணும். நான் எழுதாம விட்டுட்டேன். அவ்வளவுதான்.”

“எழுதாமலே விட்டுடேன் அத்தை” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த ஒரு வரியை எழுதினாள். மூடித் திறந்து அமுக்கினாள். 91. மறுபடி 640. அதற்கப்புறம் 377. 706 எங்கே போனதென்றே தெரியவில்லை. என் கையிலிருந்த சீட்டு, ஊரில் இருக்கிற மற்ற சீட்டுகளில் ஒன்றாகிவிட்டது. அன்று இரவு நான் சாப்பிட மாட்டேன் என்று சொன்னேன். யாரும் வற்புறுத்தாததால் சாப்பிட்டேன்.

திருவிழா அன்று பூசை முடிந்து, பந்தலுக்குக் கீழே மேஜை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். மானிட்டரை வீட்டிலிருந்து டெம்போவில் தன் மடியில் வைத்தே கொண்டு வந்தவள் அம்மா. கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டர் தயாராக நின்றது. சைக்கிளின் உறையைப் பிரித்து, ஹேண்டில்பாரில் மாலை போட்டிருந்தார்கள். அத்தை பட்டுப்பாவாடை தாவணியில் நின்றாள். கை மட்டும் தாவணி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. சாமியார் மௌஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

எண்கள் சுழன்றன. கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. ஜன்னல் மயங்கவில்லை.

“இருநூத்திப் பத்தொம்பது” என்று சாமியார் மைக்கில் வாசித்தார்.

ஆட்கள் தங்கள் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கை தூக்கவில்லை. சாமியார் மறுபடி வாசித்தார். அப்பா தன் சீட்டைப் பார்த்தார். பிறகு அதைச் சின்னதாக மடித்துப் பைக்குள் வைத்தார். நான் அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“அப்பா! நம்மளுது!” என்று கத்தினேன்.

கைதட்டல் வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேங்காய் மண்டிக்காரர் எழுந்து நின்றார். பேரப்பிள்ளைகளுக்கென்று நூறு சீட்டு கொண்ட ஒரு கட்டில் பாதியை வாங்கியவர் அவர்.

“ஏம்மா,” என்றார் அத்தையைப் பார்த்து, கோபப்படாமலே. “மெஷினுக்கு எழுதிக் குடுத்தது நீ. சீட்டு உங்க அண்ணனோடது. சைக்கிளு உங்க வீட்டுக்குப் போவுது. எனக்கு ஒண்ணும் புரியல, கொஞ்சம் வெளக்கிச் சொல்லேன்.”

சாமியார் அத்தையின் பக்கம் குனிந்து, “இன்னொரு தடவை அமுக்கிடலாமாம்மா?” என்று ரகசியமாகக் கேட்டார். மைக் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்ததால் அந்த ரகசியம் ரோடு வரைக்கும் கேட்டது.

“அமுக்கிடுங்க சாமி. எங்களுக்கு வேண்டாம்” என்றார் அப்பா. அவர் காது சிவந்திருந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“வேண்டாம் சாமி” என்றாள் அத்தை.

அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணனுக்கு வந்துடுச்சுன்னு மறுபடி அமுக்கறோம். அடுத்தது எங்க சித்தப்பாவுக்கு வந்தா? இந்தப் பங்குல பாதிப் பேரு எங்களுக்குச் சொந்தம். எல்லாருக்கும் புடிச்ச ஆளு வர்ற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு குலுக்கல் இல்லீங்க. ஐயா கேக்குறது நியாயம்தான். இங்க வாங்க ஐயா. நான் காட்டுறேன்.”

மண்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். அத்தை மானிட்டரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

“நேத்து வரைக்கும் இதுல ஒரு தப்பு இருந்துச்சு. நான் செஞ்ச தப்பு. எங்க அண்ணன் பொண்ணுதான் அதைக் கண்டுபுடிச்சா.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஒரே ஒரு வரிய எழுத விட்டுட்டேன். இப்ப அதை எடுத்துட்டுக் காட்டுறேன், பாருங்க.”

அந்த வரியை அழித்தாள். மண்டிக்காரரை அமுக்கச் சொன்னாள். 706. மூடித் திறந்தாள். 706. மறுபடியும் அதே. முன்வரிசையில் இருந்தவர்கள் அடுத்த தடவை எண் வருவதற்கு முன்பே அதைச் சத்தமாகச் சொன்னார்கள்.

“அந்த 706 யாரு சீட்டு?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“எங்க வீட்டுச் சீட்டுதாங்க” என்றாள் அத்தை. “ஏமாத்தணும்னு இருந்தா நான் எதுவும் செஞ்சிருக்க வேண்டியதே இல்ல. அந்த வரிய எழுதாம இருந்திருந்தா போதும்.”

அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பி, வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அத்தை அந்த வரியை மறுபடி எழுதினாள். மண்டிக்காரர் மௌஸை விடவில்லை. மூடு, திற என்று அவரே சொல்லிச் சொல்லி அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண். சோதனைக்காக ஆரம்பித்தவர், போகப்போகத் தன் சீட்டுகளில் ஏதாவது ஒன்று வந்துவிடாதா என்ற ஆசையில் அமுக்குவது எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு எண்ணைக் கத்தினார்கள். பிரியாணி ஆறுகிறது என்று சாமியார் இரண்டு தடவை அறிவித்தார்.

“பாதிக் கட்டு வாங்கியிருக்கேன், ஒண்ணுகூட வரமாட்டேங்குதே!” என்றார் மண்டிக்காரர்.

“அதாங்கய்யா குலுக்கலு” என்றாள் அத்தை.

முதலில் சிரித்தது அவர்தான். எழுந்து, சைக்கிளின் மாலையைக் கழற்றி அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, “தள்ளிக்கிட்டுப் போப்பா” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா வெட்கத்தில் அதில் ஏறாமல் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். நான் பின் கேரியரில் உட்கார்ந்து, வழியில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் கையாட்டினேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் பழையபடி நெல் மூட்டைகளுக்குப் பக்கத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். திருவிழாக் கடையில் வாங்கிய அல்வாவில் கடைசித் துண்டு ஒன்று மீதி இருந்தது. நான்கு பேருக்குப் பங்கு வைக்க முடியாத அளவு. குலுக்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஆயிரத்தை அழித்துவிட்டு நான்கு என்று போட்டுக்கொண்டேன். ஆளுக்கு ஒரு எண். எனக்கு மூன்று.

அமுக்கினேன். ஒன்று வந்தது. சரியாக அமுக்கவில்லை என்று சொல்லி மறுபடி அமுக்கினேன். நான்கு. அது சோதனைக்கு. பிறகு இரண்டு வந்தது. அப்போது ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் அது கணக்கில் சேராது. ஃபேனை நிறுத்திவிட்டு அமுக்கினேன். மறுபடி ஒன்று. அதற்கு அடுத்த தடவை, சுழன்று சுழன்று, மூன்று வந்து நின்றது. நான் கைதட்டிவிட்டு அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வாசற்படியில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். மீன் கழுவிக்கொண்டிருந்த ஈரக்கை. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

“இதுவரைக்கும் எத்தனை பேரோட அல்வாவைத் தின்ன?” என்று கேட்டாள்.

“ஒருத்தரோடதும் இல்ல அத்தை” என்றேன், வாய் நிறைய. “என் நம்பர்தான் வந்துச்சு.”

பக்கத்து வீட்டுக் கடைசிப் பையன் திரையைப் பார்த்தான். பிறகு என் வாயைப் பார்த்தான். அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே, “அண்ணி, இங்க வந்து பாருங்களேன்” என்று அம்மாவைக் கூப்பிட்டாள். எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. திரையில் மூன்று என்று பெரிதாக, தெளிவாக இருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.